மதக் கட்டத்தில் ஒரு சிறுகோடு

எகிப்தின் தேசிய அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் அட்டைக்குரியவரின் தொழில், பாலினம், மதம், திருமண நிலை ஆகிய விவரங்கள் அச்சாகியிருக்கும். மதம் என்ற இடத்தில் வழக்கமாக வரும் சொற்கள் மூன்றுதான்: முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர். 2009-ஆம் ஆண்டுக்குப் பிறகு வழங்கப்பட்ட சில அட்டைகளில் மட்டும் அந்த இடத்தில் சொல் எதுவும் இருக்காது. சிறுகோடு ஒன்று இருக்கும். அந்த அட்டைகளை வைத்திருப்பவர்கள் பஹாய்கள். எகிப்தில் அவர்களுடைய எண்ணிக்கை சுமார் 2,000 என்று மதிப்பிடப்படுகிறது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. ஆனால் இவர்களுடைய அட்டையில் என்ன எழுதுவது என்ற கேள்வி அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை சென்றது; நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் சூடான விவாதமாக ஓடியது.

தோற்றமும் வருகையும்

பஹாய் சமயம் 19-ஆம் நூற்றாண்டுப் பாரசீகத்தில் பிறந்தது. 1844-இல் ஷிராஸ் நகரில் 'பாப்' என்று அழைக்கப்பட்ட இளம் வணிகர் ஒருவர் தம்மை இறைத்தூதராக அறிவித்தார். 1850-இல் தப்ரீஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வழியில் வந்த பஹாவுல்லா (1817–1892) நிறுவியதே பஹாய் சமயம். கடவுள் ஒருவரே, எல்லாச் சமயங்களின் ஊற்றும் ஒன்றே, மனித குலம் ஒன்றே என்பவை அதன் அடிப்படைக் கொள்கைகள். இந்தியர்களுக்கு இச்சமயம் பெரும்பாலும் ஒரு கட்டடத்தின் வழியாகவே அறிமுகம்: 1986-இல் டெல்லியில் திறக்கப்பட்ட தாமரைக் கோயில் பஹாய்களின் வழிபாட்டுத் தலம்.

முகமது நபியே இறுதித் தூதர் என்பது இஸ்லாத்தின் அடிப்படை நம்பிக்கை. அவருக்குப் பின்னும் ஒரு தூதர் தோன்றினார் என்று சொல்லும் சமயத்தை முஸ்லிம் நாடுகளின் மார்க்க அறிஞர்களில் பலர் ஏற்கவில்லை. பாரசீக அரசும் உதுமானிய அரசும் பஹாவுல்லாவை ஊர் ஊராக நாடு கடத்தின. பாக்தாத், கான்ஸ்டாண்டிநோபிள், அட்ரியானோபிள் என்று நீண்ட அந்தப் பயணம் 1868-இல் பாலஸ்தீனத்தின் அக்கா கோட்டைச் சிறையில் முடிந்தது. அவரை ஏற்றிச் சென்ற கப்பல் வழியில் அலெக்சாண்டிரியாத் துறைமுகத்தில் நின்றது. அதே காலத்தில் எகிப்தில் வணிகம் செய்த பாரசீகர்களிடையே பஹாய்கள் சிலர் இருந்தனர். பஹாவுல்லாவின் மகன் அப்துல் பஹா 1910-க்குப் பிந்தைய ஆண்டுகளில் எகிப்தில் நீண்ட நாள் தங்கினார். மெல்ல எகிப்தியர்களும் இச்சமயத்தில் சேர்ந்தனர். 1924-இல் அங்கே பஹாய்களின் தேசிய ஆன்மிகச் சபை அமைந்தது.

தனி மதம் என்று சொன்ன முதல் தீர்ப்பு

பஹாய் சமயம் இஸ்லாத்தின் ஒரு பிரிவா, தனி மதமா என்ற கேள்விக்கு எகிப்தின் ஷரியா நீதிமன்றம் ஒன்று 1925-லேயே விடை சொல்லிவிட்டது. நாட்டின் தென்பகுதியான மேல் எகிப்தின் பெபா வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பஹாய்களாக மாறிய கணவர்களின் திருமணம் செல்லுமா என்பது வழக்கு. அவர்கள் இஸ்லாத்தை விட்டு வெளியேறியவர்கள். ஆகவே முஸ்லிம் மனைவியருடன் அவர்கள் செய்த திருமணம் செல்லாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அந்த முடிவுக்குக் காரணமாக, பஹாய் சமயம் தனக்கென நம்பிக்கைகளும் சட்டங்களும் கொண்ட முழுத் தனி மதம் என்று தீர்ப்பு விளக்கியது.

தீர்ப்பு குடும்பங்களைப் பிரித்தது. ஆனால் அன்றைய பஹாய் உலகத் தலைவர் ஷோகி எஃபெண்டி அதிலிருந்த 'தனி மதம்' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டார். பஹாய் சமயம் சுதந்திரமான ஒரு சமயம் என்பதற்கு முஸ்லிம் நீதிமன்றமே தந்த சான்று அது என்று அவர் கருதினார். 1939-இல் பஹாய்களை முஸ்லிம் அடக்கத்தலத்தில் புதைக்கக் கூடாது என்று எகிப்தின் தலைமை முஃப்தி அறிவித்தபோது, அரசு கெய்ரோவிலும் இஸ்மாயிலியாவிலும் அவர்களுக்குத் தனியாக நிலம் ஒதுக்கியது. முஸ்லிம்கள் அல்லர் என்று விலக்குவது, விலக்கப்பட்டவர்களுக்கு ஒரு மூலையில் இடம் தருவது: அன்றைய நடைமுறை இந்த இரண்டையும் சேர்த்தே செய்தது.

திருமணத்தில் அந்த மூலையும் கிடைக்கவில்லை. ரயில்வே துறையில் வேலை பார்த்த பஹாய் ஒருவர் திருமணமானவர்களுக்கான குடும்பப் படியைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருடைய திருமணத்தைச் சட்டம் ஏற்காது என்று சொல்லி நிர்வாக நீதிமன்றம் 1952-இல் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. மதத்தின் பெயர் சம்பளச் சீட்டு வரை நீளும் என்பதை அந்த வழக்கு காட்டியது.

1960: சபைகள் கலைப்பு

1960-இல் அதிபர் கமால் அப்துல் நாசர் பிறப்பித்த 263-ஆம் எண் ஆணை பஹாய்களின் சபைகளையும் மையங்களையும் கலைத்தது. அவற்றின் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது. அவற்றின் செயல்பாடுகளைத் தொடர்வது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. இந்த ஆணை அரசியலமைப்புக்கு முரணானது என்று பஹாய்கள் வழக்குத் தொடுத்தனர். 1975 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லும் என்றது.

அந்தத் தீர்ப்பின் வாதம் பின்னர் அடையாள அட்டை வழக்குகளிலும் திரும்பத் திரும்ப ஒலித்தது. அதன் சாரம் இது: மனத்தில் எதை நம்புவதும் ஒருவருடைய உரிமை. ஆனால் நம்பியதை வெளிப்படையாகக் கடைப்பிடிக்கும் உரிமை, எகிப்திய மரபு 'வான்வழி மதங்கள்' என்று ஏற்ற இஸ்லாம், கிறிஸ்தவம், யூத மதம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே உண்டு. வேதம் அருளப்பட்ட மதங்கள் என்ற பொருளில் வழங்கும் அரபுத் தொடர் அது. மற்றவற்றின் வழிபாடு பொது ஒழுங்குக்கு எதிராகப் போகலாம் என்று நீதிமன்றம் கருதியது.

அதன் பின் பஹாய்கள் பொதுவெளியில் சபையாகக் கூடவில்லை. நாட்டின் சட்டத்துக்குக் கீழ்ப்படிவது அவர்களுடைய சமய விதி. அப்படியிருந்தும் அவ்வப்போது கைதுகள் நடந்தன. 1985-இல் கைதானவர்களில் ஒருவர் ஹுசைன் பிகார், எகிப்து முழுவதும் அறிந்த ஓவியர். 'சிந்துபாத்' சிறுவர் இதழுக்கு அவர் வரைந்த படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறையே அங்கே உண்டு.

காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் பஹாய்களிடம் அடையாள அட்டை இருந்தது. பழைய அட்டைகள் கையால் எழுதப்பட்டவை. மதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பதை அந்தந்தக் குடிமைப் பதிவு அலுவலகத்தின் எழுத்தர் முடிவு செய்தார். ஒருவர் 'பஹாய்' என்றே எழுதினார். இன்னொருவர் 'பிற' என்றார். வேறொருவர் கோடு போட்டார். சிலர் வெறுமனே விட்டார்கள். ஒரே குடும்பத்தில் தந்தையின் அட்டையில் ஒன்றும் மகனின் அட்டையில் வேறொன்றும் இருப்பதுண்டு. பிறப்புச் சான்றிதழ்களும் இப்படியே. ஒழுங்கற்ற ஏற்பாடுதான், ஆனால் வாழ்க்கை நடந்தது.

1994-ஆம் ஆண்டின் 143-ஆம் எண் குடிமைப் பதிவுச் சட்டம், பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனும் தேசிய அடையாள அட்டை பெறுவதைக் கட்டாயமாக்கியது. உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள குடிமைப் பதிவுத் துறை, ஒவ்வொருவருக்கும் 14 இலக்கத் தேசிய எண் கொடுத்து, கம்ப்யூட்டரில் அச்சிட்ட அட்டைகளைத் தரத் தொடங்கியது. பேச்சு வழக்கில் இந்த அட்டைக்குப் 'பிதாகா' என்று பெயர். புதிய முறையில் மதக் கட்டம் நிரப்பப்படாவிட்டால் விண்ணப்பம் நகராது. நிரப்ப அனுமதிக்கப்பட்ட சொற்களோ மூன்று மட்டுமே. எழுத்தரின் பேனாவுக்கு இருந்த நெகிழ்வு கம்ப்யூட்டர் திரையில் இல்லாமற்போயிற்று.

கட்டத்தில் மூன்று மதங்கள் மட்டுமே வர வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. துறையின் உள் நடைமுறையும் பொது ஒழுங்கு பற்றிய அதன் விளக்கமும் சேர்ந்து அந்த எல்லையை வகுத்தன. சட்டத்தில் இல்லாத ஒரு தடையை மென்பொருள் செயல்படுத்தியது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

முதல் சில ஆண்டுகள் பழைய காகித அட்டைகளும் செல்லுபடியாயின. ஆகவே சிக்கல் ஒரே நாளில் வெடிக்கவில்லை. வங்கிகளும் பள்ளிகளும் அலுவலகங்களும் பழைய அட்டைகளை ஒவ்வொன்றாக மறுக்கத் தொடங்கியபோது அது குடும்பம் குடும்பமாக உணரப்பட்டது. பதினாறு வயதை எட்டிய இளைஞர்களிடம் காட்டுவதற்குப் பழைய அட்டைகூட இல்லை.

அட்டை இல்லாத வாழ்க்கை

எகிப்தில் அட்டை இல்லாதவரால் வங்கிக் கணக்கு திறக்க முடியாது. பல்கலைக்கழகத்தில் சேரவும், முறையான வேலை பெறவும், ஓட்டுநர் உரிமம் எடுக்கவும், ஓய்வூதியம் வாங்கவும், வீடு வாங்கி விற்கவும் அட்டை வேண்டும். ஆண்கள் இராணுவச் சேவை பற்றிய பத்திரத்தைப் பெறவும் அது வேண்டும். அந்தப் பத்திரம் இல்லாமல் உயர்கல்வி இல்லை, வெளிநாட்டுப் பயணம் இல்லை. காவல்துறைச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்படும்போது அட்டையைக் காட்டாதிருப்பது அபராதத்துக்குரிய குற்றம்.

பிறப்புச் சான்றிதழ்களும் கம்ப்யூட்டர்மயமான பின், பெற்றோரின் மதத்தை எழுத முடியாத குழந்தைகளுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. சான்றிதழ் இல்லாமல் தடுப்பூசி அட்டையும் பள்ளிச் சேர்க்கையும் கேள்விக்குறியாயின. இறப்புச் சான்றிதழ் கிடைக்காத குடும்பங்களுக்கு வாரிசுரிமையும் ஓய்வூதியமும் சிக்கலாயின. எகிப்தில் பிறந்து, வரி கட்டி, வேறு குடியுரிமை எதுவும் இல்லாத மக்கள் சொந்த நாட்டிலேயே பதிவேட்டில் இல்லாதவர்கள் ஆனார்கள்.

இந்த நிலையை எகிப்திய மனித உரிமை அமைப்பான தனிநபர் உரிமைகளுக்கான எகிப்திய முன்முயற்சியும், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பும் இணைந்து 2007 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. மதக் கட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பஹாய்கள் மட்டும் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. கிறிஸ்தவத்திலிருந்து இஸ்லாத்துக்கு மாறிவிட்டு மறுபடியும் கிறிஸ்தவத்துக்குத் திரும்பியவர்களுக்கும், தந்தை மதம் மாறியதால் தாங்களறியாமலே முஸ்லிம் என்று பதிவாகிவிட்ட பிள்ளைகளுக்கும், மனத்திலுள்ள மதம் ஒன்று, அட்டையிலுள்ள மதம் வேறொன்று.

'முஸ்லிம்' என்று எழுதிவிட்டால் என்ன?

மூன்றில் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதிவு அலுவலகங்கள் பஹாய்களுக்குச் சொன்னதுண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் எளிய வழியாகத் தோன்றுவது அதுதான். அதை அவர்கள் ஏற்காததற்குச் சமயக் காரணம் ஒன்று, சட்டக் காரணம் ஒன்று.

பஹாய் சமயத்தில் உயிருக்கு ஆபத்து வந்தாலும் தன் நம்பிக்கையை மறுப்பதோ மறைத்துப் பொய் சொல்வதோ ஏற்கப்படுவதில்லை. உண்மை பேசுவதை எல்லா நற்குணங்களுக்கும் அடித்தளமாக வைத்தவர் அப்துல் பஹா. பாரசீகத்தில் பஹாய்கள் கொல்லப்பட்ட காலத்திலும், ஒரு சொல்லால் நம்பிக்கையை மறுத்து உயிர் தப்பும் வழி பலருக்குத் திறந்தே இருந்தது. அவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மரபில் வந்தவருக்கு விண்ணப்பப் படிவத்தில் பொய்யாக ஒரு சொல் எழுதுவது சிறிய விஷயமாக இருக்க முடியாது.

சட்டக் காரணம் இன்னும் நேரடியானது. அரசு ஆவணத்தில் தவறான தகவல் தருவது எகிப்தியச் சட்டப்படி குற்றம். அட்டை பெறுவதற்குப் பொய் சொல்லும்படி ஒரு துறை கூறுகிறது. பொய் சொன்னால் தண்டிப்பேன் என்று அதே அரசின் சட்டம் சொல்கிறது. இந்த முரண்தான் பின்னால் நீதிமன்றத்தில் பஹாய்களுக்குக் கைகொடுத்தது.

2006: வெற்றியும் வீழ்ச்சியும்

2004-இல் ஒரு பஹாய் தம்பதி தங்கள் மகள்களின் பெயர்களைக் கடவுச்சீட்டில் சேர்ப்பதற்காக அலுவலகம் சென்றனர். அவர்களுடைய பழைய அட்டைகளில் 'பஹாய்' என்று எழுதியிருந்தது. அதிகாரிகள் அட்டைகளைப் பறித்து வைத்துக்கொண்டனர். அட்டைகளைத் திரும்பப் பெறத் தம்பதி தொடுத்த வழக்கில் அலெக்சாண்டிரியாவின் நிர்வாக நீதிமன்றம் 2006 ஏப்ரல் 4-இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு இஸ்லாமிய மரபுக்குள்ளிருந்தே வாதிட்டது. முஸ்லிம் ஆட்சிகளின் கீழ் எப்போதும் பிற நம்பிக்கையினர் வாழ்ந்திருக்கின்றனர். ஒருவர் என்ன நம்புகிறாரோ அதையே ஆவணத்தில் எழுதுவதுதான் முறை. அப்போதுதான் முஸ்லிம் யார், அல்லாதவர் யார் என்று தெளிவாகும். ஒரு மதத்தை அட்டையில் எழுதுவதால் அரசு அம்மதத்தை அங்கீகரித்ததாகிவிடாது. இந்தக் கடைசிக் கருத்து முக்கியமானது. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு என்று அது பிரித்துக் காட்டியது.

தீர்ப்பு பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கண்டித்தனர். பஹாய் நம்பிக்கை மார்க்கத்துக்குப் புறம்பானது என்ற அல்-அஸ்ஹர் (கெய்ரோவின் இஸ்லாமியக் கல்வி மையம்) அறிஞர்களின் பழைய கருத்துகள் மறுபடி வெளிவந்தன. உள்துறை அமைச்சகம் மேல்முறையீடு செய்தது. உச்ச நிர்வாக நீதிமன்றம் மே மாதத்தில் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2006 டிசம்பர் 16-இல் அதை முற்றிலும் ரத்து செய்தது. பஹாய் என்பதை அட்டையில் எழுதுவது பொது ஒழுங்குக்கு எதிரானது என்றும், அரசியலமைப்பு பாதுகாப்பது மூன்று வான்வழி மதங்களையே என்றும் அது கூறியது. 1975-ஆம் ஆண்டின் குரல் முப்பது ஆண்டு கழித்து மறுபடி ஒலித்தது.

பெயர் வேண்டாம், பொய்யும் வேண்டாம்

மேலே செல்ல நீதிமன்றம் இல்லாத நிலையில் வழக்கறிஞர்கள் கேள்வியை மாற்றிக் கேட்டனர். பஹாய் என்று எழுதுங்கள் என்று இப்போது அவர்கள் கேட்கவில்லை. எங்கள் மதத்தை எழுத முடியாதென்றால் வேறு மதத்தையும் எழுதாமல் விடுங்கள் என்று கேட்டனர். கட்டம் வெறுமையாக இருக்கலாம், கோடு இருக்கலாம். எங்களைப் பொய் சொல்ல மட்டும் வைக்காதீர்கள் என்பதே கோரிக்கை.

இரண்டு தரப்பினருக்காக வழக்கு நடந்தது. ஒன்று, கெய்ரோவைச் சேர்ந்த பதினான்கு வயது இரட்டையர். அவர்கள் பிறந்தபோது எழுதிய காகிதப் பிறப்புச் சான்றிதழில் பஹாய் என்று இருந்தது. பள்ளிகள் கேட்ட கம்ப்யூட்டர் சான்றிதழில் அதே பெயரை எழுதப் பதிவுத் துறை மறுத்தது. இன்னொருவர், அடையாள அட்டை இல்லாததால் சூயஸ் கால்வாய்ப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர முடியாமல் நிறுத்தப்பட்ட மாணவர்.

2008 ஜனவரி 29-இல் கெய்ரோவின் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மூன்று மதங்களைத் தவிர வேறொன்றை எழுத அரசுக்குக் கடமையில்லை என்பதை அது ஏற்றது. ஆனால் ஒருவரை அவர் நம்பாத மதத்தின் பெயரில் பதிய அரசுக்கு உரிமை இல்லை என்றது. பஹாய் ஒருவரை முஸ்லிம் என்று பதிந்தால் ஆவணம் பொய்யாகும். முஸ்லிம் அல்லாதவர் முஸ்லிமாகக் கருதப்பட்டுத் திருமணமும் வாரிசுரிமையும் குழம்பும். பொது ஒழுங்கு அதனால்தான் கெடும். பஹாய்களை விலக்குவதற்குப் பயன்பட்ட அதே 'பொது ஒழுங்கு' என்ற கருத்தை நீதிமன்றம் அவர்கள் பக்கம் திருப்பி வைத்தது.

அரசு மேல்முறையீடு செய்யவில்லை. வழக்கில் தரப்பினராக இல்லாத சில வழக்கறிஞர்கள் தாமாகவே எதிர்த்து மனுச் செய்தனர். அதனால் தீர்ப்பு ஓராண்டுக்கு மேல் கிடப்பில் இருந்தது. 2009 மார்ச் 16-இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் கடைசி மனுவையும் தள்ளியது. தீர்ப்பைச் செயல்படுத்தும் உள்துறை அமைச்சகத்தின் 520-ஆம் எண் ஆணை ஏப்ரல் மாதம் அரசிதழில் வெளியானது. ஆகஸ்ட் 8-ஆம் நாள் கோடு போட்ட முதல் இரண்டு கம்ப்யூட்டர் அட்டைகள் வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர்கள் அந்த இரட்டையர்கள்தாம். அதற்குள் அவர்களுக்கு அட்டை பெறும் வயது வந்திருந்தது.

  

கோட்டின் எல்லைகள்

ஆணை தந்த வழி குறுகலானது. தாமோ தம் பெற்றோரோ மூன்று மதங்களுள் எதையும் குறிக்காத பழைய ஆவணம் வைத்திருந்தால் மட்டுமே ஒருவர் கோடு கேட்கலாம். பரம்பரையாகப் பஹாயாக இருப்பவர்களுக்கு அது போதும். புதிதாகப் பஹாயானவருக்கோ எந்த மதத்தையும் ஏற்காதவருக்கோ அந்தக் கோடு கிடையாது. எகிப்தில் இஸ்லாத்திலிருந்து வெளியேறுவதை ஆவணத்தில் பதிவது இன்றுவரை ஏறக்குறைய இயலாத காரியம்.

நீதிமன்றத்தில் கிடைத்தது தெருவில் கிடைத்துவிடவும் இல்லை. தீர்ப்பு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், 2009 மார்ச் கடைசியில், மேல் எகிப்தின் சோஹாக் மாகாணத்து ஷுரானியா கிராமத்தில் பஹாய் வீடுகள் மீது கல் எறியப்பட்டது, தீ வைக்கப்பட்டது. பஹாய் குடும்பங்கள் ஊரை விட்டு வெளியேறின. தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் பஹாய்களுக்கு எதிராக எழுந்த பேச்சைத் தொடர்ந்து இது நடந்தது.

2014-ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் பழைய பிரிவினையைத் தொடர்ந்தது. அதன் 64-ஆம் பிரிவு நம்பிக்கைச் சுதந்திரம் முழுமையானது என்று அறிவிக்கிறது. வழிபடும் உரிமையையும் வழிபாட்டுத் தலம் கட்டும் உரிமையையும் வான்வழி மதத்தினருக்கே தருகிறது. அடக்கத்தலச் சிக்கலும் இதே சுவரில் முட்டிக்கொண்டது. அலெக்சாண்டிரியாவில் மூன்று மதங்களையும் சேராதவர்களுக்குப் புதைக்கத் தனி இடம் கேட்ட வழக்கை அங்குள்ள நிர்வாக நீதிமன்றம் 2021 டிசம்பரில் தள்ளுபடி செய்தது.

மற்ற நாடுகளில்

வெற்றுக் கட்டம் என்ற தீர்வை வேறு நாடுகளும் கண்டிருக்கின்றன. இந்தோனேசியா ஆறு மதங்களை அங்கீகரிக்கிறது. அங்கே அதிபர் சுகர்னோ 1962-இல் பஹாய் அமைப்புகளைத் தடை செய்தார். அதிபர் அப்துர்ரஹ்மான் வாகித் 2000-இல் தடையை நீக்கினார். ஆறிலும் சேராதவர்கள் அடையாள அட்டையின் மதக் கட்டத்தை வெறுமையாக விடலாம் என்று 2006-ஆம் ஆண்டின் குடியிருப்புப் பதிவுச் சட்டம் அனுமதித்தது. தொல்குடி நம்பிக்கையாளர்கள் தங்கள் நம்பிக்கையைக் கட்டத்தில் குறிக்கலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது.

பஹாய் சமயம் பிறந்த ஈரானில் நிலைமை மிகக் கடுமையானது. 1979-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவு ஜொராஸ்திரியர், யூதர், கிறிஸ்தவர் ஆகியோரை மட்டுமே சிறுபான்மையினராக ஏற்கிறது. நாட்டின் முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினரில் மிகப் பெரிய குழுவான பஹாய்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பஹாய் என்று தெரிந்தால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்க வேண்டும் என்று 1991-இல் ஓர் உள்சுற்றறிக்கை வழிகாட்டியது. தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தில் இருந்த 'பிற மதங்கள்' என்ற தெரிவு 2020 ஜனவரியில் நீக்கப்பட்டது. எகிப்து பதினொரு ஆண்டுகளுக்கு முன் கோடு போட்டுத் திறந்த இடத்தை ஈரான் அதே கோட்டை அழித்து மூடியது போல அது ஆயிற்று.

இந்தியாவில் மத்திய அரசு அறிவித்த ஆறு சிறுபான்மையினரில் பஹாய்கள் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர்களைப் 'பிற மதங்கள்' என்ற தொகுப்பில் சேர்க்கிறது. ஆனாலும் எகிப்தில் எழுந்த சிக்கல் இங்கே எழவில்லை. ஆதார் அட்டையிலும் கடவுச்சீட்டிலும் மதத்துக்கென்று இடமே கிடையாது. எந்த மதத்தினரும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம்.

அடுத்த வரி

எகிப்தில் அப்படியொரு பொதுத் திருமணச் சட்டம் இல்லை. இரு எகிப்தியர்களின் திருமணமும் விவாகரத்தும் பெரும்பாலும் அவரவர் மதத்தின் குடும்பச் சட்டப்படியே நடக்கின்றன. மதக் கட்டத்தில் கோடு உள்ளவருக்கு எந்த மதத்தின் சட்டத்தைப் பொருத்துவது? பதிவுத் துறையிடம் விடை இல்லை. ஆகவே பஹாய் முறைப்படி மணந்து, பிள்ளைகள் பெற்று, பல ஆண்டு சேர்ந்து வாழும் தம்பதியரும் பதிவேட்டில் திருமணமாகாதவர்களாக நிற்கின்றனர். சில தம்பதியர் நீதிமன்றம் சென்று தங்கள் திருமணத்தை உறுதி செய்யும் தீர்ப்பு பெற்றதுண்டு. ஆனால் அது எல்லோருக்கும் உரிய வழியாக மாறவில்லை.

எகிப்திய அட்டையில் திருமணமான பெண்ணுக்குக் கணவர் பெயரும் அச்சிடப்படும். பஹாய் மனைவியின் அட்டையில் அந்தப் பெயர் வராமற்போனால், விளைவு குழந்தையின் பிறப்புச் சான்றிதழிலும் கணவர் இறந்தபின் மனைவி கேட்கும் ஓய்வூதியத்திலும் தெரிகிறது. 1952-இல் ரயில்வே ஊழியர் குடும்பப் படி கேட்டபோது எழுந்த அதே கேள்விதான் இது.

2009-ஆம் ஆண்டின் தீர்ப்பு தீர்த்து வைத்தது அட்டையின் ஒரு வரியை. பஹாய் ஒருவர் பொய் சொல்லாமல் வங்கிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் செல்ல அந்தச் சிறுகோடு வழிவிட்டது. அதே பின்பக்கத்தில் மதத்துக்குப் பக்கத்தில் இருப்பது திருமண நிலை. அந்த வரியில் அவரைப் பற்றி எழுதப்படுவது பல குடும்பங்களுக்கு இன்னும் உண்மையாகவில்லை.